பாக்கெட்டில் வைத்த கைகள்

அன்புள்ள மகளுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. முழங்கால் வலியைத் தவிர அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எட்டு வருடமாக உனக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. கடைசியில் 'அப்பாவும் விசாரித்தார்' என்று ஒரு வரி சேர்ப்பதும் அவள் வேலைதான். இந்தத் தடவை நானே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல். குழந்தைக்கு மேல்வரிசையில் இரண்டு பல் வந்துவிட்டதாமே.

எங்களிடம் ஒரு நாய் இருப்பதை அம்மா எழுதியிருப்பாள். பஞ்சு என்று கூப்பிடுகிறோம். கப்பல் பட்டறைக் காவலாளியின் நாய் போட்ட குட்டிகளில் கடைசி. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு கண் மட்டும் நீலம். நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தபோது ஒரு சரக்கு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே பின்பக்கமாக வந்தது. மற்ற குட்டிகள் சிதறி ஓட, இது மட்டும் நடுவழியில் உட்கார்ந்து நிதானமாகக் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. தாவிப்போய்த் தூக்கினேன். சுத்தமாகக் காது கேட்காது என்று கால்நடை மருத்துவர் சொன்னார். செவிட்டு நாயைப் பழக்க முடியாது, திடுக்கிட்டால் கடிக்கும், இப்போதே ஊசி போட்டுவிடுவது புண்ணியம் என்று பட்டறையில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். எனக்குச் சுருக்கென்றது. சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் கிரேனுக்குக் கீழே நின்று கைகாட்டியவன் நான். மேலே கூண்டில் இருக்கும் ஓட்டுநருக்கு என் குரல் எட்டாது. முஷ்டியை மூடினால் அப்படியே நில், விரலைக் கீழே காட்டிச் சுழற்றினால் இறக்கு. அதையே பஞ்சுவுக்கும் வைத்துக்கொண்டேன். முஷ்டி என்றால் அசையாதே. விரல் கீழே போனால் படு. இரண்டு கையையும் விரித்து மார்புக்கு இழுத்தால் ஓடி வா. கட்டைவிரலை உயர்த்தினால் நீ செய்தது சரி, இதோ உன் இறைச்சித் துண்டு. தூங்கும்போது திடீரென்று தொடமாட்டேன். மூக்குக்கு முன்னால் கையை வைத்து வாசனை காட்டித் தோளை மெல்லத் தொடுவேன், கண் திறந்ததும் தின்ன ஏதாவது கொடுப்பேன். இன்றுவரை யார் மீதும் அதன் பல் பட்டதில்லை.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்று கற்றுக்கொடுத்தேன். எங்கே போனாலும், எதை முகர்ந்தாலும், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் உடனே கட்டைவிரல். இதற்கே இரண்டு மாதம் பிடித்தது. அப்புறம் தடை ஓட்டம். பின்முற்றத்தில் பழைய குழாய்களை வைத்துத் தாண்டுகட்டை செய்தேன். வரிசையாகக் கம்பு நட்டு நெளிந்து போகப் பழக்கினேன். துணிச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் நான் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டேன் இல்லையா, அதனால் அது வெளியே வருவதற்குள் நான் ஓடிப்போய் வாசலில் நிற்க வேண்டும். இந்த வயதில் நான் ஓடுவதைப் பார்த்து அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

இங்கே நாய் வளர்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அவருக்கு நான் வைத்த பெயரும் அதுதான். வருடப் போட்டியில் காலையில் கீழ்ப்படிதல் சோதனை, அதில் தேறினால் மதியம் தடை ஓட்டம். உட்கார், படு, கூடவே நட எல்லாவற்றிலும் பஞ்சு முழு மதிப்பெண் வாங்கியது. கடைசிச் சோதனை கூப்பிட்டால் வருவது. நாயைப் பதினைந்து அடி தள்ளி, முதுகு நமக்குத் தெரியும்படி உட்கார வைத்தார்கள். விசில் என்னிடம் வந்து, "கையைப் பாக்கெட்ல வச்சுக்குங்க. குரல் கொடுத்துக் கூப்பிடுங்க. இதுதான் விதி" என்றார். அதற்குக் காது கேட்காது என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன் ஐயா என்றேன். விதி எல்லா நாய்க்கும் ஒன்றுதானாம்.

நானும் வைத்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பெரிய மனிதர் சொல்கிறாரே என்று பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு, கேட்காத நாயைப் பார்த்துப் 'பஞ்சு, பஞ்சு' என்று கத்தினேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே திரும்பியது. என் முகத்தைப் பார்த்தது. பிறகு என் கைகளைத் தேடியது. இரண்டடி வந்து நின்றது. என் வாய் அசைவதைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து வாலைச் சுருட்டித் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது.

கையை உருவி விரித்தேன். அம்பு மாதிரி வந்து என் மேல் விழுந்தது. தேறவில்லை என்று எழுதினார்கள்.

மதிய இடைவேளையில் தடைகள் எல்லாம் சும்மா கிடந்தன. யாரையும் கேட்காமல் பஞ்சுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். ஒரு கட்டை விழவில்லை, ஒரு கம்பு தவறவில்லை. நேரம் குறிக்கும் பெண்மணி தானாகவே கடிகாரத்தை அழுத்தியிருக்கிறாள். முப்பத்தெட்டு நொடி. அன்றைக்கு முதல் பரிசு வாங்கிய நாய் நாற்பத்திரண்டு. அதன் சொந்தக்காரர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இரண்டு கையையும் காற்றாலை மாதிரி ஆட்டினார். அவரை யாரும் பாக்கெட்டில் கையை வைக்கச் சொல்லவில்லை.

சங்கத்துக்கு மூன்று பக்கம் எழுதிப் போட்டேன். நேற்று பதில் வந்தது, நாலே வரி. பொதுமக்கள் பாதுகாப்பு கருதிக் காது கேளாத நாய்களை இனிமேல் சேர்ப்பதில்லையாம். முப்பத்தொரு வருடம் ஆட்களின் தலைக்கு மேலே நாற்பது டன் இரும்பை ஒரு வார்த்தை பேசாமல் நகர்த்தியிருக்கிறேன், அப்போது யாருடைய பாதுகாப்பு கெட்டது? சாப்பாட்டு மேஜையில் அந்தக் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் குதித்தேன். காது கேட்காத ஒரு ஜீவனிடம் பேச ஒரு வழிதான் இருக்கிறது, அதையும் அடை என்று சொல்ல இவர்களுக்கு எப்படி மனசு வருகிறது, நெஞ்சில் ஈரமே இல்லையா என்றெல்லாம் கேட்டேன்.

அம்மா தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இதே மேஜையில பத்து வருஷம் நாம அவளுக்கு அதத்தானே சொன்னோம்."

அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

உன்னை நாயோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதே. நான் சேர்த்துப் பார்ப்பது அந்த விசிலையும் என்னையும். காது கேளாத பிள்ளையைக் கையால் பேச விட்டால் வாய்ப்பேச்சு வராது என்று உன் பள்ளித் தலைமை ஆசிரியை சொன்னார் என்பது உண்மை. இத்தனை வருடம் அந்த ஆசிரியையின் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார் என்று உன்னிடம் சொன்னது நான்தான். பகலெல்லாம் கிரேன்காரனோடு கையால் பேசிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஏழு வயதுப் பெண்ணிடம் அதைச் சொன்னேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாய். பாதி புரியாமல் தலையாட்டுவாய். புரிந்துவிட்டது என்று நான் வைத்துக்கொள்வேன்.

உன் கல்யாணத்தன்று மண்டபம் முழுக்கக் கைகள் பேசின. மாப்பிள்ளை ஏதோ சொல்ல, நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, மகளே.

இன்று காலை காது கேளாதோர் சங்கத்துக்குப் போய்ச் சனிக்கிழமை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு, அங்கேயே முதல் பாடத்துக்கும் உட்கார்ந்துவிட்டேன். சொல்லித்தருபவர் ஒரு டெய்லர், அவருக்கும் கேட்காது. என்னோடு படிப்பது இரண்டு இளம் தாய்மார்கள். என் விரல்கள் கயிறு இழுத்துத் தடித்துப்போனவை. 'சாப்பிடு' என்று நான் காட்டினால் சுருட்டு பிடிப்பது போல இருக்கிறதாம். டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாய்ச் சங்கத்தை நான் விடப் போவதில்லை. அடுத்த மாதம் பொதுக்குழு. பஞ்சுவோடு போய் முன்வரிசையில் உட்காருவேன்.

குழந்தைக்குக் காது எப்படி என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கப் போவதில்லை. எப்படி இருந்தாலும் என் பேரப்பிள்ளை இந்த மேஜையில் உட்கார்ந்து கையை வீசி வீசிப் பேசட்டும், தண்ணீர் டம்ளர் எல்லாம் கவிழட்டும். நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்து போ. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அதை எப்படிக் காட்டுவது என்று டெய்லரிடம் எழுதிக் காட்டிக் கேட்டுக்கொண்டேன். நான் சரியாகக் காட்டுகிறேனா என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் வருகைக்காகக் காத்திருக்கும்,
அப்பா