கோட்டுக்குப் பின்னால் நின்ற மச்சானுக்கு

மச்சான்,

உன் பழைய லென்ஸ் என் மடியில் கிடக்கிறது. படக்காரர்கள் பிஸ்கட் டின்னில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் உன் ஸ்டூடியோவின் பூஞ்சண வாசம். எனக்கு எழுத வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். ஏச்சையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கல்முனைக் கடற்கரையில் சண்டைப் படம் எடுக்க வந்தவர்களிடம் நீ ஏன் போய் விழுந்தாய்? புது லென்ஸ் எல்லாவற்றையும் துலக்கமாகக் காட்டுகிறது, சண்டை கனவு போல இருக்க வேண்டும் என்றான் கமராக்காரன். உடனே இதைத் தூக்கிக்கொண்டு போனாய். இதில் ஒரு முகம் மட்டும் துலங்கும். பின்னால் இருப்பதெல்லாம் பாலில் கரைந்தது போலாகிவிடும். அடிக்கிறவன் தெரிகிறான், அடி வாங்குகிறவனைக் காணோமே என்று கேட்டேன்.

"அதுதான் மச்சான் அழகு" என்றாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் கரையில் அடி வாங்கினவனை எவன் எப்போது துலக்கமாகக் காட்டினான்?

தோணிக்குப் பக்கத்தில் நிற்க இரண்டு கிழவர்கள் வேண்டும் என்றார்கள். நீ குதிகாலால் மணலில் ஒரு கோடு கீறினாய்.

"இதில நில்லு. ஒரு எட்டுப் பின்னால போனியெண்டா நீ வெறும் புகை."

என்னை அதில் நிறுத்திவிட்டு, நீ பின்னால் போய்த் தோணியில் சாய்ந்துகொண்டாய். களைப்பு என்று நினைத்தேன்.

நேற்று உன் வீட்டில் படம் பார்த்தோம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று, நீ இருந்த போட்டோக்கள் எல்லாம் போயின. அதன் பிறகு படமெடுக்க யார் போனைத் தூக்கினாலும் கையால் முகத்தை மறைத்தாய். நீ கண்ணை மூடிய பிறகு உன் பெண்சாதிக்கு, என் தங்கச்சிக்கு, மிச்சம் இந்தப் படம் ஒன்றுதான். கதாநாயகன் ஒருவனைத் தூக்கி எறிந்தான். அவனுக்குப் பக்கத்தில் என் மூஞ்சி, தாடி மயிர் முதல் துலக்கமாக. பேரப்பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் எழுந்து டீவிக்குக் கிட்டே போனாள்.

"இதில அவர் எங்க, காக்கா?" என்று அண்ணன் என்னைக் கேட்டாள்.

என் தோளுக்குப் பின்னால் இருந்த வெள்ளைக் கறையைக் காட்டினேன். அவள் அதை விரலால் தொட்டாள். அதற்குள் அதுவும் போய்விட்டது.

அந்த லென்ஸ் எதைப் பிடிக்கும், எதை விடும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே பின்னால் போனாய்?

அன்று நான் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன், டைரக்டர் ஏசினார். நீ சண்டையைப் பார்க்கவில்லை. பிள்ளையை முதல்நாள் பள்ளிக்கூடத்தில் விட்டவன் மாதிரி, உன் லென்ஸையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாய். அந்த முகம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. இனி அவள் கேட்கும்போதெல்லாம் நான்தான் சொல்ல வேண்டும். சொல்வேன். கோபத்தோடுதான் சொல்வேன்.

அந்தக் கோட்டில் இரண்டு பேர் நிற்க இடமிருந்தது, மச்சான்.