பெரியம்மாவின் ஓரத்தில் ஒரு சின்ன ஓடு

இன்று காலை த்ரீ-டி பிரிண்டர் மெஷினின் மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. சூடு முழுக்க ஆறாத நைலான் பவுடரின் வாசனை. நீ இருந்தால் மூக்கை உறிஞ்சி, "இட்லி வெந்துட்ச்சிடா, தட்ட எடு" என்றிருப்பாய். நானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகவே இல்லை. பக்கத்தில் நின்ற புதுப் பையன் வேறு, "இன்னா சார்?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று பவுடரை உதிர்க்க ஆரம்பித்தேன்.

உனக்குத் தெரியாத செய்தி ஒன்று. போன மாதம் கம்பெனியில் சாஃப்ட்வேரை மாற்றிவிட்டார்கள். பழையதில் நீ உட்கார்ந்து உட்கார்ந்து பதிந்து வைத்ததெல்லாம் புதியதற்குத் தெரியாது. நைலான் பவுடரை லேசரால் உருக்கி அடுக்கு அடுக்காகப் பார்ட் அடிக்கிற நம் மெஷினே யாரென்று அதற்குத் தெரியாது. உள்ளே எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எத்தனை உயரம் வரை பார்ட் அடுக்கலாம், லேசர் எந்த மூலையில் சோம்பேறித்தனம் பண்ணும், சூடு ஆறும்போது நைலான் எவ்வளவு சுருங்கும், அதற்கு எவ்வளவு பெரிதாக்கி அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு எதையும் முதலிலிருந்து சொல்ல அலுப்பாக இருக்கிறது. திருப்பதிக்காரர் ஒருவர் புது மேனேஜராக வந்திருக்கிறார். கதவிடுக்கில் தலையை நீட்டி, "ஏம் அன்னா, செட்டப் அயிந்தா?" என்று முடிந்ததா எனத் தெலுங்கில் கேட்பார். "இன்கா லேது சார்", இன்னும் இல்லை என்பேன். அவர் போவார், டீ வரும், திரும்ப அவர் வருவார்.

மெஷினுக்குப் பெயர் கொடு என்று திரை கேட்டது. சென்னையிலிருந்து வந்து சாஃப்ட்வேர் போட்டவர்கள் ஏதோ நீளமான எண்ணை அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை அழித்துவிட்டு 'பெரியம்மா' என்று போட்டேன். நீ வைத்த பெயர்தானே. "சூடாவறதுக்கும் நேரம் ஆவும், சூடாயிட்டா ஆறுறதுக்கும் நேரம் ஆவும். எங்க பெரிம்மாவேதான்டா இது" என்று நீ சொன்ன அன்று, பஸ் சத்தியவேடு வரும்வரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அதே பஸ்ஸில்தான் ஒரு காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தாய். இப்போதும் நாகலாபுரத்தில் கிளம்பி வரும் அதே பஸ்ஸில்தான் நான் சத்தியவேட்டில் ஏறுகிறேன். உன் ஜன்னல் சீட்டில் வேறு யாரோ தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

மெஷினுக்குப் பிறகு பார்ட்டுகள். பழைய பார்ட்டுகளின் வரைபடங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து புது சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கார் கம்பெனிக்கான பிராக்கெட்டுகளுக்கு நடுவே உன்னுடையவை வந்தன. எல்லாவற்றுக்கும் 'பாப்பா ஓடு' என்று ஒரே பெயர். உன் மகளுக்கு வலது பாதம் தானாகத் தூக்க வராது. கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை பிடித்து நிறுத்த, ஷூவுக்குள் போட்டுக்கொள்ளும் அந்த வெள்ளை ஓட்டை அவள் வளர வளர நீயே அடித்துக் கொடுத்தாய். கம்பெனி பார்ட்டுகளை அடுக்கியது போக பெரியம்மாவின் ஓரத்தில் மிஞ்சும் இடத்தைப் பழைய மேனேஜர் உனக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அங்கே அதை நிற்க வைக்காமல் சாய்த்துப் படுக்க வைப்பாய். நிற்க வைத்தால் இடம் மிச்சமாகுமே என்று கேட்டேன். "நிக்க வெச்சா அடுக்கு அடுக்கா குறுக்கால விழும். கொழந்த ஓடச்சொல்லோ கணுக்கால்ல பட்டுனு பூடும்" என்றாய்.

எல்லாவற்றையும் விட எனக்கு நினைவிருப்பது ஓடு தயாரான பிறகு நடக்கும் கூத்துதான். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்தால், பாப்பா அதைப் போட்டு வாசல்வரை நடந்துவிட்டு வந்து உன்னை வறுத்தெடுப்பாள். இங்கே கடிக்கிறது, அங்கே உரசுகிறது, போன தடவை எவ்வளவு நன்றாக இருந்தது, இந்தத் தடவை தூங்கிக்கொண்டே செய்தாயா? நீ சட்டைப்பையிலிருந்து மடித்த உப்புத்தாளை எடுத்து ஓரங்களைத் தேய்ப்பாய். "அவ திட்டி முடிச்சாதான்டா வேல முடிஞ்சிச்சி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

நீ போன பிறகு வந்த முதல் ஓடு என் பொறுப்பு. உன் மனைவிதான் போன் செய்தாள். "அண்ணா, பழைய ஓட்டுல கால் எறங்க மாட்டேங்குது. பாப்பா வளந்துட்டா." புது மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொல்லி ஓரத்து இடத்தைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பெட்டண்டி அன்னா, தானிகேமுந்தி" என்றார். அதற்கென்ன, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்புறம் நான் செய்ததுதான் வேடிக்கை. உன் கடைசி ஓட்டைத் திரையில் எடுத்து, எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போட்டு, அப்படியே இழுத்துப் பெரிதாக்கினேன். நாள் முழுக்க நைலான் சுருங்குவதற்காக ஒவ்வொரு பார்ட்டையும் பெரிதாக்கிக்கொண்டே இருக்கிற கை அது. கை தானாகப் போயிற்று. எனக்கும் அலுப்பு. காலை அளவெடுக்கும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு நாகலாபுரத்தில் உன் வீட்டுக்குப் போய் வர உடம்பு வணங்கவில்லை.

ஓட்டைப் போட்டுக்கொண்டு பாப்பா வாசல்வரை நடந்தாள். திரும்பி வந்தாள். "நல்லாக்கீது மாமா. தேங்க்ஸ்" என்றாள். எனக்குப் பெருமை வேறு. உன் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நிம்மதியாக பஸ் ஏறினேன்.

ஒரு வாரம் கழித்து உன் மனைவி திரும்பப் போன் செய்தாள். குரலே சரியில்லை. "குதிகால் தோல் உரிஞ்சி ரத்தமா கீதுண்ணா. சாக்ஸைக் கழட்டவே உடல, இன்னிக்கிதான் நான் பாத்தேன்." ஏன் சொல்லவில்லை என்று பாப்பாவைக் கேட்டிருக்கிறாள். அதற்கு அவள் சொன்ன பதிலை உன் மனைவி அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள். "மாமா பாவம், அவரு நம்ம நைனா இல்லையே. கொற சொன்னா அப்பால செஞ்சி தர மாட்டாரு."

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூடி வைத்துவிட்டேன். உன்னை எரித்துவிட்டு வந்த அன்றுகூட நான் அப்படி உடைந்துபோகவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். அந்தக் குழந்தை உன்னிடம் ஒரு நாளும் வலியை மறைத்ததில்லை.

அப்போதுதான் நீயும் இதே காரியத்தைச் செய்தது ஞாபகம் வந்தது. முதல் ஓடு சின்னதாகிப்போன சமயம், நீயும் திரையில் இழுத்துப் பெரிதாக்கித்தான் கொண்டுபோனாய். மறுநாள் நெற்றியில் கீறலோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய். பாப்பா ஓட்டைக் கழற்றி உன் மேலேயே வீசியிருக்கிறாள். "கால் இன்னா பிராக்கெட்டாடா, நாலு பக்கமும் ஒரே மாதிரி பெருசாவ? வெரல் பக்கம் நீண்டுக்கினு போது, குதிகால் அப்டியே கீது. ஒவ்வொரு வாட்டியும் கால கையில புடிச்சிதான் ஆவணும்" என்றாய். வீசி எறிய உனக்கு ஆள் இருந்தது. அதனால் ஒரே நாளில் உனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு ஸ்கேனரோடு போனேன். பாப்பா நாற்காலியில் விருந்தாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலை என் கையில் வாங்கினேன். குதிகாலில் புது தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது. மெதுவாகச் சுற்றி ஸ்கேன் எடுத்தேன். வலிக்கிறதா என்றேன். இல்லை மாமா என்றாள். மறுநாள் பழைய பார்ட்டைத் தொடவே இல்லை. புது அளவில் முதலிலிருந்து வரைந்தேன். பெரியம்மாவின் சுருக்கத்துக்கு எவ்வளவோ அதை மட்டும் கூட்டினேன். ஓரத்தில், நீ வைப்பது போலச் சாய்த்துப் படுக்க வைத்தேன். இந்தத் தடவை திரையைப் பார்த்துக்கொண்டே அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். அலுப்பு அப்படியேதான் இருந்தது. ஆனால் எழுந்து போகத் தோன்றவில்லை.

போன திங்கட்கிழமை லீவு போட்டு, உன் மனைவி, பாப்பா, நான் மூவருமாகத் திருப்பதி போனோம். முதல் ஓட்டுக்கு உனக்கு வடிவம் காட்டிக் கொடுத்த ஆஸ்பத்திரிக்காரர் இதைப் போட்டுப் பார்த்து, நடக்கவிட்டு, சரியாக இருக்கிறது என்றார். பாப்பாவும் அவரிடம் தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் 'நல்லாக்கீது' என்றதுதானே என்னை ஒரு முறை ஏமாற்றியது.

பஸ் ஸ்டாண்டில் நாகலாபுரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து கடைவரை நடந்தாள், திரும்பினாள், இன்னொரு முறை நடந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்று முகத்தைச் சுளித்தாள்.

"மாமா, இங்க கடிக்குது."

"எங்கம்மா?"

"இங்க, மேல. இன்னா மாமா பண்ணி வெச்சிகீற நீ? பாத்து பண்ண மாட்டியா? நைனா ஒரு வாட்டிகூட இந்த ஓரத்த இப்டி உட்டதில்ல."

"ஏய், பெரியவங்கள அப்டி பேசாத" என்று உன் மனைவி அதட்டினாள். விடும்மா, பேசட்டும் என்றேன்.

உன் மேஜை டிராயரைக் காலி செய்தபோது உன் உப்புத்தாளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதை எடுத்து, ஓட்டை மடியில் வைத்து, அவள் விரல் காட்டிய இடத்தைத் தேய்த்தேன். போட்டுப் பார்த்தாள், கழற்றிக் கொடுத்தாள். இன்னும் என்றாள். நாகலாபுரம் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயேவிட்டது. அவள் என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.