ஊரே கேட்ட எஞ்சின்

இன்றைக்குக் காலையில் என் மருமகள், பிள்ளைக்கு உச்சியில் வைக்க விளக்கெண்ணெயைக் கரண்டியில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டு, போன் அடிக்கிறதென்று எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் புகை. மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைத் திறக்க ஓடினான். நான் சமையலறை வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். "யம்மா, பொகைக்குள்ள நின்னு என்ன செய்யுதீக?" என்று கத்தினான். அவனுக்கு என்னவென்று சொல்ல? நான் நின்றது மடவார் வளாகத்துக்கு அப்பால் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள். எதிரே நீ, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அருவாமனைப் பலகையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தாய். மலைமேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் எழுதப் போகிறேன். நான் எதைச் சொன்னாலும் குறுக்கே விழுந்து பேசுவாய். இப்போதாவது முழுசாகக் கேள்.

நாம் பழகியது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஓடிய டவுன் பஸ்ஸில். எண்பதுகளின் நடுவில். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர், குடித்தனம் ராஜபாளையத்தில். நீ ராஜபாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் வாடகை அறை. நீ ராத்திரி டூட்டி முடித்துத் திரும்புகிற பஸ்ஸும் நான் பள்ளிக்குப் போகிற பஸ்ஸும் ஒன்று. பேர் கூடத் தெரியாத நாளிலேயே என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்துவிட்டாய். கஞ்சி போட்ட என் சேலை உன் எண்ணெய்த் தலையால் பட்ட பாட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை. தூங்குகிற ஆளை எழுப்ப எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

ஒரு நாள் அப்படித் தூங்கும்போது உன் மடியிலிருந்த பிஸ்கட் டின் சரிந்து மூடி கழன்றது. குட்டிக் குட்டியாய் இரும்புச் சாமான்கள் பஸ் முழுக்க உருண்டன. கண்டக்டர் ஒன்றைப் பொறுக்கித் தூக்கிப் பிடித்து, "யாரு வீட்டுக் கொழாய்மா இது?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நீ அடித்துப் பிடித்து எழுந்து சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்தாய். உன்னைப் பார்த்து நானும் தவழ்ந்தேன். என் கையில் கிடைத்தது நெல்லிக்காய் பருமனில் ஒரு எஞ்சின். சிலிண்டர், பிஸ்டன், தண்டு, முன்னால் காற்றாடி மாட்டுகிற திருகு எல்லாம் அந்த அளவுக்குள்ளேயே இருந்தன. கரும்பலகையில் எஞ்சின் படம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தவள் நான். ஒரு நிஜ எஞ்சினைக் கையில் பிடித்தது அன்றுதான்.

"பொம்மை ஏரோப்ளேன் எஞ்சின், டீச்சர். எந் தம்பி சேத்தது" என்றாய். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மற்றதைச் சொன்னாய். விமானப் படையில் மெக்கானிக்காக இருந்தவன். எந்த ஊருக்கு மாற்றினாலும் அங்கே பழைய சாமான் சந்தைக்குள் புகுந்து இந்த எஞ்சின்களைத் தேடுவான். இங்கிலாந்தில் செய்தது, ஜெர்மனியில் செய்தது, நாம் பிறக்கும் முன்னே செய்தது என்று பொறுக்கிச் சேர்த்தான். வடக்கே டூட்டியில் இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டான். அவன் துணிமணியோடு இந்த டின் வந்திருந்தது. அப்போது உன் அம்மா உன் அறையில் வந்து தங்கியிருந்தார். அவர் கண்ணில் படக்கூடாதென்று டூட்டிக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தாய்.

டின்னுக்குள் ஒரு எஞ்சினை மட்டும் தனியாகக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாய். அவன் கடைசி லீவில் உங்கள் ஊர் மகாராஜபுரத்துக்கு வந்தபோது வாசலில் வைத்து ஓட்டிக் காட்டிய எஞ்சின் அது. ஊரே கூடிக் கேட்டிருக்கிறது. நீ டூட்டியில் இருந்தாய். அடுத்த வாரம் நீ ஊருக்குப் போனால் ஆளாளுக்கு வந்து சொன்னார்களாம். தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி இருந்துச்சு என்று உன் அம்மா. ரைஸ் மில்லு மாதிரி என்று பக்கத்து வீட்டுக்காரர். லாரி ஹாரனு மாட்டிக்கிட்ட மாதிரி என்று தபால்காரர். அவனிடம் நீ கோபித்துக்கொண்டதற்கு, "அடுத்த லீவுக்கு ஒனக்குன்னே தனியா ஓட்டிக் காட்டுதேங்க்கா, அழாத" என்றானாம்.

"ஊர்ல நாய் கூடக் கேட்டிருக்கு டீச்சர். நான்தான் கேக்கல."

அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் என் தோளில் சாய்ந்து தூங்கிப் போனாய். நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி, உன்னோடு பஸ் நிலையம் வரைக்கும் போனேன்.

உனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வைப்பதென்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். படிப்பிக்கிறவளுக்கு உள்ள திமிர். ஆனால் எஞ்சின் அசையவே மாட்டேன் என்றது. இந்த எஞ்சின்களுக்கு எரிபொருளில் விளக்கெண்ணெய் கலப்பார்கள். ஓட்டாமல் வைத்தால் அது உள்ளே காய்ந்து கோந்தாய் இறுகி, பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். மற்ற எஞ்சின்களைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாக இளக்கினோம். அந்தக் கைக்குட்டை எஞ்சினை எடுக்கக் கை நீட்டினால் தட்டிவிட்டாய்.

"இதக் கழுவப்புடாது டீச்சர். இதுக்குள்ள இருக்கது அவன் கையால ஊத்துன எண்ண."

"கழுவாம எப்படி ஓடும் சிஸ்டர்?" எனக்குக் கோபம் வந்தால்தான் உன்னைச் சிஸ்டர் என்பேன்.

"ஓட வேண்டாம்."

"பொறவு எப்படிக் கேப்ப?"

நீ எஞ்சினைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றினாய். அப்புறம் வருஷக்கணக்காக அந்தக் கேள்வி நமக்கு நடுவில் அப்படியே கிடந்தது.

ஆனால் என்ன வருஷங்கள் அவை! ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் கண்மாய்க்குப் போவோம். எஞ்சினைப் பிடிக்க ஒரு தாங்கி வேண்டுமே, அதற்கு உன் அருவாமனையின் அரிவாளைக் கழற்றிவிட்டு, அந்தப் பலகையில் எஞ்சினைத் திருகினோம். காய் நறுக்க உட்காருகிற மாதிரியே பலகைமேல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்தால், எஞ்சின் அந்தண்டை இந்தண்டை அசையாது. ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையில் ஒரு விரலை வெட்டி மாட்டிக்கொண்டு, காற்றாடியைச் சுண்டுவாய். மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் பாட்டிலில் முறைத்துக்கொண்டு தனித்தனியாக நிற்கும். ஈதரை ஊற்றினால்தான் இரண்டும் ஒன்றாகும். பள்ளி லேபுக்குச் சாமான் தருகிற கடைக்காரர் எனக்காக மதுரையிலிருந்து ஈதர் வாங்கி வருவார். "மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் பஞ்சாயத்துப் பண்ணுத பெரிய மனுசன் இவருதான்" என்று ஈதர் பாட்டிலைக் கும்பிடுவாய்.

நமக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று ஊர் பேசியது தப்பில்லை. சோழபுரத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் பேப்பர் பறக்காமலிருக்க வைத்திருந்த எஞ்சினை, அவருடைய சர்க்கரைப் புண்ணுக்கு ஒரு மாதம் கட்டுப் போட்டுவிட்டு வாங்கி வந்தாய். ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்காரர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒன்று இருப்பதாக என் மாணவி சொன்னாள். போய் நின்றோம். அந்த வீட்டம்மா நம் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தீஸ்கோம்மா, எடுத்துக்கோ, தூசிதான் சேருது" என்று எடுத்துக் கொடுத்தார். வந்த எஞ்சின் எதுவானாலும் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது நம் சட்டம். அது ஓடும்போது நீலப் புகை கண்மாய்க் கரை வேலமரங்களுக்குள் நூல் மாதிரி நுழைந்து போகும். அது கலையும் வரைக்கும் இரண்டு பேரும் பேச மாட்டோம். பேசினாலும் கேட்காது, காது அடைத்துப் போயிருக்கும். கண்மாய்க்குள் மேய வந்த ஆடுகள் முதல் வாரம் ஓடின. பிறகு அவையும் பழகிவிட்டன.

சட்டத்துக்கு அடங்காத ஒரே எஞ்சின் கைக்குட்டைக்குள் இருந்தது. உன் அறைச் சுவரில் மழைக்கு ஓதம் ஏறி ஈரம் கசிந்ததால் அதை என் வீட்டில் வைத்தாய். "பத்திரம் டீச்சர்" என்று எத்தனை தரம் சொன்னாய்! பீரோவின் மேல்தட்டில், என் கல்யாணச் சேலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இதைவிடப் பத்திரம் எங்கே இருக்கிறது?

திருக்கார்த்திகை வந்தது. நான் பள்ளிக்குப் போயிருந்தேன். என் அத்தை, அதாவது மாமியார், வருஷா வருஷம் செய்கிற மாதிரி எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய விளக்குகளை எல்லாம் சலவைச் சோடா போட்டு அண்டாவில் கொதிக்க வைத்திருக்கிறார். பீரோவிலிருந்து வெள்ளிக் காமாட்சி விளக்கை எடுக்கப் போனவர் கையில் கைக்குட்டை தட்டுப்பட்டிருக்கிறது. பிரித்தால் உள்ளே பழுப்பேறி, எண்ணெய் காய்ந்து ஒட்டிப்போன ஏதோ ஒரு சாமான். பாவம், அதையும் அண்டாவில் போட்டு, ஒரு கொதி கூடவே கொதிக்க விட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, பொட்டும் வைத்துவிட்டார்.

சாயங்காலம் நான் வந்து பார்க்கும்போது விளக்கு வரிசையில் அதுவும் நிற்கிறது. சோடாவில் வெந்த அலுமினியம் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது, நெற்றியில் குங்குமம் வேறு. அத்தையைக் கன்னாபின்னாவென்று திட்டினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் அன்றைக்குத் தெருக் கேட்கக் கத்தினேன். உன் தம்பி இரண்டாம் தரம் செத்த மாதிரி எனக்கு இருந்தது. உன் முகத்தில் எப்படி முழிப்பது என்று இரவெல்லாம் யோசித்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் சொன்னேன். நீ தூங்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி என் வீட்டுக்குப் போய்விட்டாய். நான் பள்ளிக்கு லீவு சொல்லாமலேயே உன் பின்னால் ஓடி வந்தேன்.

நான் வந்து சேரும்போது நீ அடுக்களையில் தரையில் உட்கார்ந்திருந்தாய். கறுத்த எஞ்சின் உன் உள்ளங்கையில் இருந்தது. அத்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நான் என்னத்தக் கண்டேன் தாயி! வெளக்கு மாதிரில்லா இருந்துச்சு. அம்புட்டுப் பிசுக்கு ஏறிக் கெடந்துச்சு. கோவிச்சிக்கிடாத தாயி" என்று அழுதார்.

நீ முன்னால் நீட்டியிருந்த தண்டை விரலால் தொட்டாய். தொட்டதும் அது சுற்றியது. ஒரு சுற்றில் பாதி தூரம் போய், உள்ளே காற்று அடைபட்டு விம்மி, பிறகு டப்பென்று தாண்டியது. நீ மறுபடி சுற்றினாய். மறுபடி டப்.

"ஏட்டி" என்றாய். டீச்சர் என்று கூப்பிட்ட வாயால் முதல் தடவை. "ஏட்டி, இது மூச்சு விடுது ஏட்டி!"

அப்புறம் ஓவென்று அழுதாய். அத்தை பயந்துபோய் உன் தலையை மடியில் போட்டுக்கொண்டார். அழுகைக்கு நடுவில் நீ அவரிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. "எனக்குத்தான் கை வரலம்மா. நீங்க கழுவிட்டீக. நல்லதாப் போச்சு, விடுங்க." நல்லதாகப் போச்சு என்று சொல்லும்போது உன் குரல் அப்படிச் சொல்லவில்லை. அந்த எண்ணெய் போன துக்கமும் எஞ்சின் அசைந்த சந்தோஷமும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உன் முகத்தில் நின்றன. அன்றைக்கு என்ன சமைத்தோம், யார் சாப்பிட்டோம், எதுவும் ஞாபகமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க் கரையில் மூன்று பேர். அத்தையும் வந்தே தீருவேன் என்று ஒரு சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டார். பனி இன்னும் விலகவில்லை, மலை இருந்த இடத்தில் மலை இல்லை. நீ பலகையில் உட்கார்ந்து சுண்ட ஆரம்பித்தாய். ஒன்றும் இல்லை. எஞ்சின் தலையிலிருந்த திருகை இறுக்கு என்றேன், இறுக்கினாய். காற்றாடி திருப்பி உதைத்து உன் விரலைப் பதம் பார்த்தது. தளர்த்து என்றேன். "வாயை மூடுதியா, இல்ல எந்திச்சு வந்து நீயே சுண்டுதியா?" என்றாய். வெயில் ஏறியது. கையுறை கிழிந்து வேறொன்று மாற்றினாய். இனி வேண்டாம், கை வீங்கிவிட்டது, இன்னொரு நாள் பார்ப்போம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். நீ கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, அவன் லீவில் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிற மாதிரி அந்த எஞ்சினைப் பார்த்து, "ஓட்டிக் காட்டுதேன்னியேடா" என்றாய். சுண்டினாய்.

ஓடியது.

முழு டாங்கும் தீரும் வரை ஓடியது. தீர்ந்து நின்ற பிறகு வெகுநேரம் நீ எழுந்திருக்கவில்லை. திரும்ப ஊற்றட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாய். "கேட்டுட்டேன், போதும்" என்றாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அத்தைதான் பேசிக்கொண்டு வந்தார்.

போன வருஷம் ஐப்பசி மழையில் உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சின்களை எல்லாம் உன் அக்கா மகன் எடுத்துப் போயிருக்கிறான். நல்ல பையன், மாமாவின் சாமான் என்று துடைத்து அடுக்கி வைத்திருக்கிறானாம். போன மாதம் எனக்குப் போன் பண்ணினான். "டீச்சர் சித்தி, அந்தக் கறுத்த எஞ்சின் கண்மாயில ஓடுனத நேர்ல கேட்டவுக இப்ப நீங்க ஒரு ஆளுதான். சத்தம் எப்படி இருந்துச்சு, சொல்லுங்களேன்" என்றான்.

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தேன்கூடா, ரைஸ் மில்லா, லாரி ஹாரனா, எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் அந்தச் சத்தம் என் காதில் இல்லை. எஞ்சின் ஓடியபோது உன் வாய் கொஞ்சமாய்த் திறந்திருந்தது. கன்னத்தில் எண்ணெய் சொட்டுச் சொட்டாய்த் தெறித்திருந்தது, நீ துடைக்கவில்லை. கண் எஞ்சின்மேல் இல்லை, அதற்கும் அப்பால் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏட்டி. நான் எஞ்சினைக் கேட்கவே இல்லை.