சித்தியின் பல்லும் உன் கழுத்துச் சால்வையும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சித்தியும் இருக்கிறோம். நீ அங்கே நலமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய், அந்தப் பதிலை நான் நம்புவதை விட்டுக் கொஞ்ச நாளாகிறது. போனில் கேட்டால் டவர் இல்லை என்று வைத்துவிடுகிறாய், செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துவிடுகிறாய். கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதனால்தான் காகிதத்தில் எழுதி, உன் ஊருக்கே வேலைக்கு வரும் நம் மாடிவீட்டுத் தையல்காரியின் மகள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திரு என்று சொல்லியிருக்கிறேன், எதற்கென்று பிறகு தெரியும்.

நேராகவே சொல்கிறேன், உன் உடம்பில் ஏதோ இருக்கிறது, நீ அதை என்னிடம் மறைக்கிறாய். போன மாதம் பேசும்போது படி ஏறிக்கொண்டே பேசினாய், இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாய், கேட்டதற்குப் பக்கத்தில் மெஷின் ஓடுகிறது என்றாய், எந்த மெஷினடி மனுஷி மாதிரி மூச்சு விடும்? தோளில் வலி, பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினாய். உன் அறைத்தோழியைக் கேட்டால், நான் கேள்வியை முடிக்கும் முன்பே அவ நல்லாத்தான் இருக்கா ஆன்ட்டி என்கிறாள், சொல்லிக்கொடுத்த கிளி. உன் அப்பா என்னைத்தான் திட்டுகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், நாள் முழுக்கத் துணி தைக்குற பொண்ணுக்குத் தோள் வலிக்காம பல்லா வலிக்கும் என்றார். பல்லும் வலிக்கும், அதுதான் இப்போது சொல்ல வந்தது.

சித்திக்குக் காய்ச்சல், இப்போது தேவலை என்று உன்னிடம் சொல்லியிருந்தேன், அது பொய். நடந்தது இதுதான். எங்கள் சலவைக்கூடத்தில் லாட்ஜ் படுக்கை விரிப்புகளை மடிப்பது நானும் அவளும்தான் என்று உனக்குத் தெரியும், ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும், ஒருத்தி சோர்ந்தால் இன்னொருத்தி கையில் தெரிந்துவிடும். கொஞ்ச நாளாக அவள் பக்கத்து முனை நழுவிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறாள், இஸ்திரி மெஷினுக்கு மாற்றிக்கொள்ளப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் காலையில் குமட்டல், சும்மா இருக்கும்போதே வியர்வை, எனக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது, ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேவிட்டேன். பேரன் எடுக்குற வயசுல எனக்குப் புள்ளையாக்கா என்று சிரித்தவள் சிரிக்க மூச்சில்லாமல் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பார்.

பிறகு இடது பக்கத் தாடை வலி என்றாள். வந்து வந்து போகும் வலி, படி ஏறினால் அதிகம், உட்கார்ந்தால் குறையும். பல்வலியாகத்தான் இருக்கும் என்று அவளே முடிவு கட்டி, என்னிடம்கூடச் சொல்லாமல், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாளும் வலி நிற்கவில்லை. பிடுங்கிய பல்லைக் காட்டு என்றேன், காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள், ஓட்டையும் இல்லை கறையும் இல்லை, விளம்பரத்தில் வருகிற பல் மாதிரி இருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். ஏழைதானே, எதைப் பிடுங்கினால் என்ன என்று நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டான் என்று அவளையும் இழுத்துக்கொண்டு அந்த மாடிக்கு ஏறினேன். அவர் என்னவோ, நான் பல்லு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேம்மா, இவங்கதான் புடுங்கியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நின்னாங்க என்கிறார். யார் காதில் பூ சுற்றுகிறாய் என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் நாற்காலி சாய்ந்தது. சித்தி முகம் சாம்பல் பூத்து, தலைமுடியெல்லாம் நனைந்து, வாந்தி எடுக்கிறாள். அந்த டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சண்டைய அப்புறம் போட்டுக்கலாம், இது பல்லு இல்ல, நெஞ்சு, மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க என்று அவரே இறங்கி வந்து வண்டி பிடித்தார். எங்களைக் கழற்றிவிடத்தான் இப்படிச் சொல்கிறார் என்று வண்டியில் ஏறும்போதுகூட நினைத்தேன், என் புத்தியை என்ன சொல்ல.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர் வாயுவா இருக்கும்மா, உக்காருங்க என்றார். உன் அப்பா ஒரு ஏப்பம் விட்டாலே படுக்க வைத்து ஈசிஜி எடுக்கிறார்கள், பெண்பிள்ளை சுருண்டு விழுந்தாலும் வாயு. ஒரு நர்ஸ்தான் சித்தியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். மாரடைப்பாம். மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு அடைப்பை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், பயப்படாதே, வீட்டில்தான் இருக்கிறாள். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம், நெஞ்சு கெட்டதுகூடப் பரவால்லக்கா, நல்ல பல்லு போச்சே என்று புலம்புகிறாள்.

அடைப்பை எடுத்த பெரிய டாக்டரை நான் விடவில்லை. இது பணக்காரங்க வியாதியாச்சே, வயிறு நிறையத் தின்னாதவளுக்கு எப்படி வரும் என்று கேட்டேன். கோபப்படாமல் பதில் சொன்னார். காலையில் சர்க்கரை டீயும் பன்னும், மதியம் நின்றுகொண்டே ரெண்டு பிஸ்கட், எல்லோரும் சாப்பிட்ட பிறகு மீந்த வெறும் சோறு, கடையில் மலிவாகக் கிடைக்கிற பொரித்த எண்ணெய், அரைத் தூக்கம், இதுதான் வயிற்றைச் சுற்றிச் சதையாகவும் இரத்தத்தில் சர்க்கரையாகவும் கொழுப்பாகவும் சேருகிறதாம், கை கால் குச்சியாக இருந்தாலும் வயிறு மட்டும் முன்னால் வந்தால் கவனிக்க வேண்டுமாம். பெண்களுக்கு நெஞ்சு வலிக்காமலே தாடையிலும் தோளிலும் முதுகிலும் வலி வரலாமாம், வெறும் அசதியாகக்கூட வரலாமாம். கழுத்தைப் பார்த்தது எதற்கென்று அந்த நர்ஸையும் கேட்டேன். சித்தியின் பின்கழுத்தில் கறுப்பாகப் படர்ந்திருந்ததே, அவள் நாரை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாளே, நான்கூட ஒழுங்காகக் குளிடி என்று திட்டினேனே, அது அழுக்கில்லம்மா, உள்ள சர்க்கரை ஏறுதுன்னு அர்த்தம் என்றாள். அதிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலைகிறேன். தெருவில் எவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் போலீஸ்காரி மாதிரி விசாரிக்கிறேன், என்னைக் கண்டால் பாதிப்பேர் குழாயடியில் குடத்தை விட்டுவிட்டு நழுவுகிறார்கள்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் உன் போட்டோக்களை எல்லாம் எடுத்து வரிசையாகப் பார்த்தேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய், கூட நிற்கிறவர்கள் எல்லாம் கையில்லாத சட்டை, நீ மட்டும் கழுத்தைச் சுற்றிச் சால்வை. ஒன்றில் இல்லை, எல்லாவற்றிலும். வயிற்றுக்கு முன்னால் கைப்பை வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய், பெற்றவளிடமா? எதிரில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் இப்போது உன் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், சால்வையை எடு. அவளைத் திட்டாதே, பார்த்ததைப் பார்த்தபடி எனக்குச் சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். கறுப்பு இருந்தால் தேய்க்காதே, சர்க்கரையும் பிரஷரும் பார், ஈசிஜி எடு. தோள்வலிக்குப் பிளாஸ்டரை நம்பாதே. லீவு போட்டால் சூப்பர்வைசர் முறைப்பான் என்பாய், முறைத்தால் முறைக்கட்டும், கண்ணால் யாரையும் சாகடிக்க முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சரிம்மா என்று சொல்லிவிட்டு நீ போகமாட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். சித்தி உள்ளே இருந்தபோது, கூடப்பிறந்தவங்களும் பாத்துக்கணும் என்று அந்த நர்ஸ் என்னையும் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தாள். டாக்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார், பிறகு கூட யார் வந்திருக்கா என்று கேட்டார். நல்ல சேதிக்கு யாரும் கூட வந்தவரைக் கேட்பதில்லை. இந்த மாசத்துக்குள்ள மறுபடி வந்து இன்னும் ரெண்டு டெஸ்ட் எடுத்தே ஆகணும் என்றார். நான் போகவில்லை. நீ போய் எடுத்த ஈசிஜி தாள் என் போனுக்கு வரும் அன்றைக்குத்தான் நானும் போவேன், அதற்கு முன் போகமாட்டேன். அப்பாவிடம் சொல்லி என்னை இழுத்துப் போக வைக்கலாம் என்று பார்க்காதே, அவர் இழுத்து நான் எங்கே போயிருக்கிறேன். சொன்னால் சொன்னதுதான் என்று இருபது வருஷம் என்னோடு குப்பை கொட்டிய உனக்குத் தெரியாததா.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே, கையில் கிடைத்தபோது கடலையோ முட்டையோ தின்னு, டீயில் சர்க்கரையைக் குறை, ராத்திரி போனை நோண்டாமல் தூங்கு. நீண்ட ஆயுளோடும் குறையில்லாத உடம்போடும் நீ இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை, சித்தியும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். மறக்காதே, மாதக் கடைசியைத் தாண்டவிடாதே. அந்தக் கெடு டாக்டர் உனக்கு வைத்ததல்ல, எனக்கு வைத்தது.

இப்படிக்கு,
உன்னை இந்த ஒரு விஷயத்தில் நம்பாத,
உன் அம்மா