முதுகுகளின் ஊரில் ஒரு முகம்

வெள்ளி, இரவு.

கேமரா வாங்கியதிலிருந்து தெருவில் நான் எடுத்ததெல்லாம் முதுகுகள்தான். "நீ எடுக்கற ஊர்ல யாருக்குமே மூஞ்சி கிடையாதாடி?" என்று நேற்றுகூட அண்ணா சிரித்தான்.

இன்று பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில், கையில் இரண்டு தேங்காயோடு ஒரு அக்கா நின்றாள். வழக்கம்போலப் பின்னால் போய் நின்றேன். அவள் முதல் காயை உடைத்தபோது எடுத்தேன். ஷட்டர் சத்தம் கேட்டுச் சட்டென்று திரும்பிவிட்டாள். ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, முகம் தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துக்கட்டுமா?"

"பின்னே? முதுகையா எடுப்பாவ? இன்னும் ஒரு தேங்கா கெடக்கு. இங்ஙன முன்னால வந்து நில்லு பிள்ளே!"

சில்லு தெறிக்கும் தூரத்தில் போய் நின்றேன். கேமராவைக் கண்ணில் வைத்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே அவள் தேங்காயை ஓங்கினாள். அழுத்தினேன். அடுத்த நொடி என் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தேங்காய்த் தண்ணீர்.

படத்தைக் காட்டினேன். "எம்மா, எம் மூஞ்சில இம்புட்டுக் கோவமா!" என்று அவளுக்கு ஒரே சிரிப்பு.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணாவிடம் கேமராவை நீட்டினேன். பார்த்தவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஐயோ, தேங்காய் என் மேலயே வந்து விழறாப்பல இருக்குடி!"

விழட்டும்.