பத்து லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன்

தென்காசி,
ஜூலை 19.

மச்சானுக்கு உங்கள் மனைவி மெஹர் பானு எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். கோபம் துளியும் இறங்கவில்லை. போனில் நான் வாயைத் திறக்கும் முன்பே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து நீங்கள் இருக்கும் தம்மாமுக்கே திரும்பும் சேக் மைதீன் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

கடைச் சாவியை உங்கள் தம்பி யூசுபிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இரு என்றீர்கள். பாலில் ரப்பரைக் கலந்து குற்றாலத்தில் குடும்ப மானத்தை வாங்கிவிட்டேனாம். என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நம் கடைச் சாக்லேட் பாலில் முன்பெல்லாம் கோகோ அடியில் வண்டலாகத் தங்கிவிடும். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்கள் பாதி குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிடுவார்கள். இலத்தூரில் பால் பொருள் செய்யும் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்த்தான் கேராஜீனன் பொடியைத் தெரிந்துகொண்டேன். கடல்பாசியிலிருந்து எடுப்பது. ஜெலட்டின் மாதிரி எலும்பிலிருந்து எடுப்பதும் இல்லை, ரப்பரும் இல்லை. பத்து லிட்டர் பாலுக்கு ஒரே டீஸ்பூன். அதையும் சர்க்கரையோடு கலந்து தூவினால்தான் கட்டி தட்டாது. கொதிக்கவிட்டு ஆறவைத்தால் பாலின் புரதத்தோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத வலை மாதிரி கோகோவைத் தாங்கிக்கொள்ளும். அதன் பிறகு யாரும் பாதியில் வைக்கவில்லை.

போன சனிக்கிழமை நம் ஜுஹைனாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஒரு டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம் என்று யூசுபிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனேன். அவருக்கு நோன்புக்கு நாம் காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசி இனிப்பு ஞாபகம், பொடியைக் கை நிறைய போட்டுவிட்டார். "எல்லாம் பாசிதானே மைனி, அள்ளிப் போட்டாத்தானே உறையும்" என்று பிறகு சொன்னார். உறையச் சொன்னது யார்?

நான் திரும்பியபோது கடை முன்னால் கூட்டம். ஒருவர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார், ஒரு சொட்டு விழவில்லை. "ஏலே, இதக் குடிக்கணுமா, வெட்டித் திங்கணுமா?" என்று அவர் கேட்க, மற்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். உங்கள் தம்பி என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நான்தான் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவரோ மேலகரம் டீக்கடையில் உட்கார்ந்து, "மைனிதான் என்னமோ பொடி போடுதாவ" என்று சொல்லியிருக்கிறார். அதே வாயால்தான் உங்களுக்கும் போன் செய்திருக்கிறார்.

அவர் மேல் எனக்குப் பாதிக் கோபம்தான். மூன்று வருஷமாக வீட்டையும் கடையையும் ஒற்றை ஆளாகப் பார்க்கிறேன். அவருடைய ஒரு போனுக்கு நீங்கள் சாவியைக் கேட்டுவிட்டீர்கள். மீதிக் கோபம் உங்கள் மேல்தான் மச்சான்.

நேற்று அடுப்பைக் கடை வாசலுக்கே இழுத்துப் போட்டு, பொடி டப்பாவை எல்லோரும் பார்க்க வைத்துக் காய்ச்சினேன். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேரும் வருவார்கள்.

அண்ணனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். பொடி, கோகோ, சர்க்கரை எல்லாம் நானே அளந்து கலந்தது. ஒரு லிட்டர் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் குடியுங்கள். அதன் பிறகும் சாவி யூசுபுக்குத்தான் என்றால் போனில் சொல்ல வேண்டாம். நீங்களே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வெயிலில் அலையாதீர்கள். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், கூடவே ஒரு மாத லீவையும் தரட்டும்.

இப்படிக்கு,
சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும்
மெஹர் பானு