வணிகக் குழு வந்த நாளும் என் வாயும்

அண்ணை,

நேற்று என் மகள் வைலே நகரில் வாங்கிய புது சேர்ட்டைப் பிரித்தாள். பிளாஸ்டிக் உறையும் புதுத் துணியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழும்பி ஜன்னலைத் திறந்தேன். கழுத்துப்பட்டியில் எங்கள் நாட்டின் பெயர். என்ன நடந்தது என்று டெனிஷில் கேட்டாள். "ஒண்டுமில்லை" என்றேன்.

நீங்களும் நானும் ஹேர்னிங் நகரத் துணிக் களஞ்சியத்தில் பெட்டி பிரித்த காலம் நினைவுக்கு வந்தது. எங்கள் நாட்டு சேர்ட்டுகளுக்கு ஐரோப்பியப் பொதுச்சந்தை வரிச்சலுகை கொடுத்திருந்தது. அங்கேதான் தைத்தது என்ற சான்றிதழ் பொதியோடு வரும். அதைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. உங்கள் மனைவி, எனக்கு அக்கா, பிள்ளையோடு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு, அவர்களை இங்கே கூப்பிட நீங்கள் போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வரும் என்று காத்திருந்தார். தமிழரின் விண்ணப்பங்களை எடுக்காமல் வைக்கச் சொன்னது டெனிஷ் அமைச்சரே என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. "சேர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் உள்ளுக்கு விடுறாங்கள். என்ரை பிள்ளைக்கும் இருக்கு, ஆர் பாக்கினம்?" என்பீர்கள்.

அந்த நேரத்தில்தான் எங்கள் நாட்டு அரசின் வணிகக் குழு களஞ்சியத்தைப் பார்க்க வந்தது. முதலாளி நல்ல மனிதர். அந்த நாட்டுக்காரர் இரண்டு பேர் தன்னிடம் வேலை செய்கிறார்கள் என்ற பெருமையில் எங்களை முன்னுக்குக் கூப்பிட்டுவிட்டார். யாருக்குப் பயந்து ஓடி வந்தோமோ அவர்களோடு கை குலுக்க வேண்டும். மேசையில் இரண்டு கொடி, கேக், கோப்பி. ஒருவர் எழும்பி இரு தரப்பு ஒத்துழைப்பைப் பற்றிப் பேசினார். நாட்டில் இப்போது அமைதி, பயப்பட ஒன்றுமில்லை என்றார். "வாயைத் திறக்காதை" என்று காதுக்குள் சொன்னீர்கள்.

ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் திறந்திருக்க மாட்டேன். குழுவில் ஒருவர் கோப்பியோடு பக்கத்தில் வந்து, "தம்பி எந்த இடம்? ஆற்றை மகன்?" என்று தமிழில் கேட்டார். எங்களுடைய ஆள் ஒருவர் அப்படிக் கேட்டால் சொல்லாமல் நிற்கத் தெரியாதே எனக்கு. ஊரைச் சொன்னேன், அப்பாவின் பெயரைச் சொன்னேன். அதோடு நின்றேனா? உங்கள் பெயரைச் சொல்லி, "அண்ணையின்ரை மனிசியும் பிள்ளையும் வெள்ளவத்தையிலை நிக்கினம், விசா கிடைக்குதில்லை" என்றேன். அவர் பாவம் பார்ப்பதுபோல் தலையாட்டினார். "எந்த லொட்ஜ்?" அதையும் சொன்னேன். பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

நீங்கள் ஏசவில்லை. வேலை முடிய முன்னரே தொலைபேசிக்கு ஓடினீர்கள். "இண்டைக்கே வெளிக்கிடு. ஏனெண்டு கேளாதை" என்று அக்காவிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அதன்பிறகு ஒன்பது நாள் அக்காவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. உங்கள் கதவைத் தட்டவும் பயம், தட்டாமல் இருக்கவும் பயம். பத்தாம் நாள் நீங்களே வந்தீர்கள். "கதைச்சனான். வேறை இடத்திலை சுகமாய் இருக்கினம். பழைய லொட்ஜுக்கும் ஒருத்தரும் வரேல்லையாம். நீ சும்மா பயந்தனி."

நான் நம்பிவிட்டேன். அமைச்சர் எடுக்காமல் வைத்த கோப்புகள் ஒருநாள் திறந்தன. அக்கா வந்து சேர்ந்தார். பிள்ளை உங்களை யாரோ என்று நினைத்து அழுதது. அதற்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலும் நான் அந்தக் கதையை எடுக்காமல் விட்டதில்லை. "அண்ணையைக் காட்டிக் குடுக்கப் பாத்த ஆள் நான்" என்று தொடங்கினால் சபையே சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள்.

போன மாதம் உங்களை அடக்கம் செய்துவிட்டு மண்டபத்தில் இருந்தபோதும் அதைத்தான் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"நாங்கள் வெளிக்கிட்டு அடுத்தநாள் விடிய அந்த லொட்ஜுக்கு ரெண்டு பேர் வந்தவை தம்பி. இவரின்ரை பேரைச் சொல்லி, மனிசியும் பிள்ளையும் எங்கையெண்டு கேட்டவையாம். அவருக்கு அப்பவே தெரியும். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டிட்டார்."

எனக்கு வரவேண்டிய பயத்தை இத்தனை வருடமும் நீங்களே வைத்திருந்திருக்கிறீர்கள், அண்ணை. இப்போது அது என்னிடம் வந்துவிட்டது. அக்கா சொல்லி முடித்த நேரம், அன்று லொட்ஜில் இருந்த அந்தப் பிள்ளை, உங்கள் மகள், வந்து, "சித்தப்பா, தேத்தண்ணி" என்று கோப்பையை நீட்டினாள். வாங்க எனக்குக் கை வரவில்லை.